மெமரி காலி, ஆனாலும் கர்னல் கைவிரிப்பது ஏன்?

கேள்வி: லினக்ஸ் சர்வரில் 1.2 ஜிபி காலியாக இருக்கும்போதே, ரேமைப் பங்கிட்டுத் தரும் மையப் பகுதியான கர்னலிலிருந்து ‘பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 4’ என்று லாகில் விழுகிறது. ரேம் பழுதா? காலித் துண்டுகளைக் கணக்குக் காட்டும் படிஇன்ஃபோ கோப்பில் நார்மல் ஸோன் (ரேமின் வழக்கமான பகுதி) வரி இது: 182450, 61200, 3100, 40, மிச்சமெல்லாம் 0.

பதில்: ரேமின் மேல் பழி போட வேண்டாம். எவ்வளவு காலி என்பதை அப்புறம் பார்க்கலாம். செய்தியின் முதல் வரியில் உள்ள ஆர்டர் (கேட்ட துண்டின் அளவு), மோட் (எந்த நிலையில் கேட்டது) இரண்டையும் முதலில் படியுங்கள். ஆர்டர் 4 என்றால் 16 பேஜ் (ரேமைப் பங்கிடும் சிற்றலகு); பேஜுக்கு 4 கேபி வீதம் 64 கேபி. அதுவும் ஒட்டினாற்போல் ஒரே துண்டாக வேண்டும். பஸ்ஸில் ஆங்காங்கே பத்து சீட் காலி, மூன்று பேர் சேர்ந்து உட்கார இடமில்லை என்ற கதைதான்.

படிஇன்ஃபோவில் முதல் எண் 4 கேபி துண்டுகளின் எண்ணிக்கை, அடுத்தது 8 கேபி, பிறகு 16, 32 என்று இரட்டிப்பாகப் போகும். கூட்டிப் பாருங்கள்: முதல் இரண்டிலேயே கிட்டத்தட்ட 1.2 ஜிபி வந்துவிடுகிறது. ஐந்தாவது இடத்திலிருந்து எல்லாம் பூஜ்யம். 64 கேபி துண்டு ஒன்றுகூட இல்லை. இதுதான் ஃப்ராக்மென்டேஷன்.

ரூட் பயனராக, ப்ராக் அடைவில் சிஸ், விஎம் என்ற வழியில் உள்ள காம்பாக்ட்மெமரி கோப்பில் 1 எழுதி, சிதறிய பேஜ்களை ஒதுங்க வைத்துவிட்டு, படிஇன்ஃபோவை மறுபடி பாருங்கள். ஐந்தாவது எண் ஏறினால், இடம் மாற்றக்கூடிய பேஜ்கள்தான் சிதறிக் கிடந்தன. அசையவே இல்லையென்றால், கர்னலே பிடித்து வைத்திருக்கும், நகர்த்த முடியாத பேஜ்கள் நடுநடுவே உட்கார்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். அவற்றைக் கேட்டு வாங்கியது யார் என்பதைப் பேஜ்ஓனர் என்ற கர்னல் வசதி காட்டும்; அந்த வசதியோடு கட்டிய கர்னலை ‘பேஜ்ஓனர்=ஆன்’ என்று பூட் செய்திருக்க வேண்டும்.

சிலர் கேஷை (டிஸ்கிலிருந்து படித்து ரேமில் வைத்திருப்பதை) காலிசெய்யும் ட்ராப்கேஷஸ் கோப்பில் 3 எழுதுவதை, குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரானில் போட்டு வைக்கிறார்கள். கேஷ் காலியாகும், டிஸ்க் மந்தமாகும். பெரிய துண்டு கிடைக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதமில்லை.

உண்மையான வைத்தியம், பெரிய துண்டு கேட்கும் டிரைவர் (சாதனத்தை இயக்கும் கர்னல் பகுதி) கோடில். ஆர்டர் 3 வரைக்கும் கர்னல் விடாப்பிடியாக முயலும், தேவைப்பட்டால் மெமரிக்காகப் புரோகிராமைக் கொல்லும் ஓஓஎம் கில்லரையும் கூப்பிடும். அதற்கு மேல் கேட்டால் சீக்கிரமே கையை விரித்துவிடும். ஆகவே ஒட்டிய துண்டே கேட்கும் கேமல்லாக் ஃபங்ஷனுக்குப் பதில் கேவிமல்லாக் போட்டால், ஒட்டிய துண்டு கிடைக்காதபோது விமல்லாக் வழியாகச் சிதறிய பேஜ்களே போதும் என்று ஆகிவிடும். டிஎம்ஏவுக்காக (சிபியு வழியாகப் போகாமல் சாதனமே ரேமைத் தொடுவது) நேரடியாகச் சாதனத்துக்குக் கொடுக்கும் பஃபர் என்றால் இது ஆகாது. அதை டிரைவர் ஏறும்போதே ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆர்டர் 0-வே தோற்கிறது, மோட் ஜிஎஃப்பி அட்டாமிக். நெட்வொர்க் லோடு ஏறும்போது மட்டும் வருகிறது.

பதில்: ஜிஎஃப்பி அட்டாமிக் என்றால் காத்திருக்காமல் உடனே கேட்பது. இன்டரப்டுக்குள் (சாதனத்தின் அவசர அழைப்பைக் கவனிக்கும் இடத்தில்) நிற்கும் கோடு தூங்க முடியாது. காத்திருந்து பேஜை மீட்க வழியில்லாததால், கையிருப்பில் இருப்பதை மட்டும் எடுக்கும். அதுவும் தீர்ந்தால் பாக்கெட் கீழே விழும், டிசிபி என்றால் மறுபடி அனுப்பப்படும். எப்போதாவது ஒன்றிரண்டு வந்தால் கவலை வேண்டாம். அடிக்கடி வந்தால் வாட்டர்மார்க்ஸ்கேல்ஃபேக்டர் என்ற விஎம் அமைப்பை வழக்கமான 10-லிருந்து படிப்படியாக 50, 100 என்று ஏற்றுங்கள். பின்னணியில் பேஜ்களை மீட்கும் கேஸ்வாப்டி முன்னதாகவே விழித்துக்கொள்ளும். கையிருப்பின் அளவைச் சொல்லும் மின்ஃப்ரீகேபைட்ஸையும் கொஞ்சம் கூட்டலாம். தாராளமாகக் கூட்டினால் புரோகிராம்களுக்கு மிஞ்சுவது குறைந்து, ஓஓஎம் கில்லர் இறங்கும்.

கேள்வி: எந்தப் புரோசஸும் தின்னவில்லை, மெமரி மட்டும் நாளுக்கு நாள் குறைகிறது.

பதில்: மெம்இன்ஃபோ கோப்பில் எஸ்அன்ரிக்ளெய்ம் (கர்னல் பயன்பாட்டில் உள்ள, மீட்க முடியாத மெமரி) வரியைக் கொஞ்ச நாள் குறித்து வையுங்கள். ஏறிக்கொண்டே போனால் கர்னல் லீக் (வாங்கியதைத் திருப்பித் தராதது) என்று சந்தேகிக்கலாம். எஸ்ரிக்ளெய்மபிள் ஏறுவது பெரும்பாலும் வெறும் டென்ட்ரி, ஐநோட் கேஷ் (கோப்புகளின் பெயர், விவரம்). நெருக்கடி வந்தால் கர்னலே விட்டுவிடும். எந்த ஸ்லாப் (கர்னலின் சிறு பொருள்களுக்கான மெமரித் தொகுப்பு) வீங்குகிறது என்பதை ஸ்லாப்டாப் சொல்லும். வீங்குவது கேமல்லாக்-512 போன்ற பொதுப் பெயர் என்றால் லீக்கைத் தேடும் கேமெம்லீக் உள்ள டீபக் கர்னல் தேவை: அதன் கோப்பில் க்ளியர் எழுதுங்கள், சந்தேகப்படும் வேலையை ஓட்டுங்கள், பிறகு ஸ்கேன் எழுதிப் படியுங்கள். ஸ்லாப் வழியாக இல்லாமல் நேராக அலாக்பேஜஸில் வாங்கிய பேஜ்களைக் கேமெம்லீக் கண்காணிப்பதில்லை. எஸ்அன்ரிக்ளெய்ம் நிலையாக இருந்தும் மெமரி குறைந்தால் அங்கேயும் பேஜ்ஓனர்தான்.