கோட்டுப் பையில் ஒரு மில்லியன்

கேள்வி: துப்பறியும் படங்களாகவே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மனசு லேசாகிற மாதிரி ஒரு பழைய பிரெஞ்சு காதல் படம் சொல்லுங்களேன். (வாசகி, கும்பகோணம்)

பதில்: 'லெ மில்லியோன்' பாருங்கள். ரெனே க்ளேர் 1931-இல் எடுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பாரிஸில் மிஷேல் என்று ஓர் ஓவியன். கறிக்கடை, மளிகைக்கடை என்று தெருவெல்லாம் கடன். அவனுக்கு நிச்சயமான பெண் பெயத்ரீஸ், பாலே நடனக்காரி. கிழிந்த கோட்டைத் தைக்கச் சொல்லி அவளிடம் கொடுத்திருக்கிறான். அவன் வேறொருத்தியோடு குழைவதைப் பார்த்துவிட்டுக் கோபத்தில் இருப்பவள், போலீஸுக்குத் தப்பி உள்ளே ஓடி வந்த ஒரு திருடனுக்கு அந்தக் கோட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். அதன் பையில்தான் லாட்டரிச் சீட்டு. பத்து லட்சம் ஃபுளோரின் (அன்றைய டச்சு நாணயம்) விழுந்திருப்பது அதற்கேதான்! திருடனின் பழந்துணிக் கடையிலிருந்து அந்தக் கோட்டை ஓர் ஆப்பெரா பாடகர் மேடையில் போட்டுக்கொள்ள வாங்கிப் போகிறார். அப்புறம் ஊரே அதன் பின்னால் ஓடுகிறது.

படம் தொடங்குவதே பரிசு விழுந்த கொண்டாட்டத்தில்தான். கூரை மேலிருந்து எட்டிப் பார்க்கும் அக்கம்பக்கத்தாருக்கு நடந்தது என்ன என்று கதை சொல்கிறார்கள். சீட்டு கிடைத்துவிடும் என்பது முதலிலேயே தெரிந்துவிடுவதால், பதற்றம் இல்லாமல் ஓட்டத்தை ரசிக்கலாம்.

கேள்வி: பேசும்படம் வந்த புதிதில் எடுத்தவற்றில் காதல் காட்சி என்றாலே வசனமாகக் கொட்டுவார்களே, இதிலும் அப்படித்தானா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை. இந்தப் படத்தின் அருமையான காதல் காட்சியில் காதலர்கள் வாயே திறப்பதில்லை.

கோட்டைத் தேடி ஆப்பெரா அரங்குக்கு வந்த மிஷேலும், அங்கே நடனமாடும் பெயத்ரீஸும் மேடை அலங்காரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். திரை தூக்கியாகிவிட்டது, வெளியே போக வழியில்லை. முன்னால் நின்று பாடகரும் பாடகியும் காதல் டூயட் பாடுகிறார்கள். அந்த இருவருக்கும் மேடைக்கு வெளியே ஆகவே ஆகாது. பின்னாலிருக்கும் இருவரும் சண்டையில் இருக்கிறார்கள். பாட்டின் ஒவ்வொரு வரியும் இவர்களுக்காகவே எழுதியது போல வந்து விழுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறாள். மேலிருந்து காகித இதழ்கள் உதிர்கின்றன. எல்லாமே ஜோடனை என்று நமக்குத் தெரியும். ஆனாலும் பெயத்ரீஸாக நடித்த அன்னபெல்லாவின் முகம் இளகும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: நீங்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இந்தப் படத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய இடம் எது? (வாசகர், ஓசூர்)

பதில்: ஆப்பெராவின் பின்மேடையில் கோட்டுக்காக எல்லாரும் முட்டி மோதும் இடம். கோட்டு கைமாறிக் கைமாறிப் போகிறது. அப்போது கேட்பது அடிதடிச் சத்தம் அல்ல, ரக்பி ஆட்டத்தின் விசிலும் பார்வையாளர் கூச்சலும்!

பேசும்படம் வந்தபோது க்ளேர் அதை நம்பவில்லை. படம் மறுபடி நாடகமாகிவிடும் என்று பயந்தவர். 1928-இல் வந்த 'ஓர் இத்தாலிய வைக்கோல் தொப்பி' என்ற ஊமைப்படத்தில், இதே போல ஒரு தொப்பிக்காக ஓடும் ஓட்டத்தைக் காட்டியிருந்தார். ஒலி வந்த பிறகு, திரையில் தெரிவதையே காதிலும் சொல்லக் கூடாது என்பதைப் பிடித்துக்கொண்டார்.

இருபத்தேழு வருஷம் எஃபெக்ட்ஸ் போட்டவன் நான். கதவு மூடினால் கதவுச் சத்தம், கண்ணாடி உடைந்தால் கண்ணாடிச் சத்தம், அதுதான் வேலை. ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில் அந்த விசிலை முதன்முதலாகக் கேட்டேன். மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக் காட்சிக்கு ரீரெக்கார்டிங். பெண் மணவறைக்கு வருகிறாள், எல்லாச் சத்தமும் தயாராக இருந்தது. நான் பேச்சையும் மேளத்தையும் இறக்கிவிட்டு, அவள் வளையல் ஓசையை மட்டும் விட்டேன். இயக்குநர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் அப்படியே இருந்தது.

கேள்வி: குழந்தைகளோடு பார்க்கலாமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: தாராளமாக. போன மாதம் பத்து வயதுப் பேத்தியோடு பார்த்தேன். சப்டைட்டில் படிப்பதை அவள் பாதியிலேயே விட்டுவிட்டாள். கோட்டு கைமாறும்போதெல்லாம் எழுந்து நின்று, "தாத்தா, அங்கே இருக்கு, அங்கே!" என்று திரையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தாள்.