மேட்டு நிலத்துக்கு எந்த அளவு சிறு டிராக்டர்? கேள்வி பதில்

டொங்காட் வாசகர்: ஐயா, சரிவான இரண்டு ஹெக்டேர் வாங்கியிருக்கிறேன். பெரும்பகுதி கிகுயு புல். மீதியில் மிளகாயும் பீன்ஸும் போட எண்ணம். 18 கிலோவாட் டிராக்டர் போதுமா, 30 வேண்டுமா?

பதில்: ஹெக்டேரை விட்டுவிட்டுக் கருவியிலிருந்து தொடங்குங்கள். ஸ்லாஷரின் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் புல்வெட்டி) ஒவ்வோர் அடி அகலத்துக்கும் பி.டி.ஓ.வில் (எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) ஏறக்குறைய ஐந்து குதிரைத்திறன் வேண்டும் என்பது பழகிய கணக்கு, 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி ஸ்லாஷருக்கு அது 20 குதிரைத்திறன், அதாவது 15 கிலோவாட். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது எஞ்சின் திறன், பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது அதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே 18 கிலோவாட் இழுபறியாகத்தான் இருக்கும். கோடை மழைக்குப் பிறகு முழங்கால் அளவு நின்று ஈரத்தில் படுத்துக் கிடக்கும் கிகுயுவில் அது திணறும். 22 கிலோவாட் பாருங்கள். 30 கிலோவாட் வண்டி மிளகாய்ப் பாத்தி முனையில் திரும்ப இடமில்லாமல் வரிசையை மிதிக்கும்.

சரிவில் திறனைவிட முக்கியமானவை சக்கர அகலமும் நான்கு சக்கர இழுவையும். இறக்கத்தில் பெரும்பாலான சிறு டிராக்டர்களின் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும்; நான்கு சக்கர இழுவையைப் போட்டால்தான் முன்சக்கரங்களும் சேர்ந்து தாங்கும். ரோல்பாரை (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம்) நிமிர்த்தி வைத்து, பெல்ட்டும் போடுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

வெருலம் வாசகர்: ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோவாட்?

பதில்: மேலே சொன்னதுதான். என்ன கருவி மாட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

உம்சிண்டோ வாசகி: முன் லோடரால் ஒரு டன் உரப்பையைத் தூக்க முடியுமா அண்ணா?

பதில்: இந்த அளவு வண்டியில் முடியாதம்மா. விற்பவர் சொல்லும் தூக்குதிறன் லோடர் கையின் முனையில் அளந்தது. வாளிக்குள் அது இன்னும் குறையும். 50 கிலோ மூட்டைகளாக வாங்கி, நாலைந்தாக எடுங்கள். பின்னால் எதிர்எடை மாட்டாமல் லோடரைத் தொட வேண்டாம். வாளி முழங்காலுக்குக் கீழேயே வரட்டும். ரோல்பார், பெல்ட் இரண்டும் உங்களுக்கும்தான்.

ஸ்டேங்கர் வாசகர்: எந்த நிறுவனத்து வண்டி நல்லது?

பதில்: உங்கள் ஊரில் உதிரிபாகம் மறுநாளே கிடைக்கும் வண்டி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: தாத்தா விட்டுப்போன சாம்பல் நிற ஃபெர்குசன், ஊரார் ஃபால்யாப்பி என்பார்களே, அது இன்றும் கியர் கம்பியைத் தள்ளியதும் கிளம்புகிறது. அதிலேயே ஸ்லாஷர் மாட்டலாமே? புது வண்டி எதற்கு?

பதில்: தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், தாத்தாவின் டிராக்டரைப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும். 1946 முதல் 1956 வரை வந்த அந்த டி.இ.20-இல் பி.டி.ஓ. கியர்பெட்டி வழியாகத்தான் ஓடுகிறது. நீங்கள் கிளட்சை மிதித்தாலும், சுழன்றுகொண்டிருக்கும் ஸ்லாஷர் கத்தி தன் வேகத்தால் கியர்பெட்டியைச் சுழற்றி, வண்டியை முன்னே தள்ளும். இளவயதில் என் மாமா தோட்டத்தில் கிளட்சை முழுதாக மிதித்தபடியே இரண்டு வேலிக்கம்பங்களைச் சாய்த்தேன். காரணம் புரிய வாரம் ஒன்றாயிற்று.

அதே வாசகர்: எங்கள் குடும்பத்தில் இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் கவிழவில்லை, ஐயா.

பதில்: மகிழ்ச்சி. தாத்தா சமநிலத்தில் உழுதிருப்பார். ரோல்பார் இல்லாத வண்டியில் நீங்கள் சரிவில் புல் வெட்டப் போகிறீர்கள். சுமையைப் பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் வண்டி முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். குதிக்க நேரம் இருக்காது. சமநிலத்து உழவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், நானும் ரசிப்பேன்.

ஃபீனிக்ஸ் வாசகர்: மூன்று ஏக்கருக்கு எத்தனை குதிரைத்திறன்?

பதில்: முதல் பதில், முதல் வரி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் மீண்டும்: சரி, சமதளத்தில் மட்டும் வெட்டுகிறேன். அந்தத் தள்ளலுக்கு வழி?

பதில்: ஒருவழிக் கப்ளிங் என்று கேளுங்கள்; எஞ்சின் கத்தியைச் சுழற்றும், கத்தி கியர்பெட்டியைச் சுழற்றாது. ஃபெர்குசனின் பி.டி.ஓ. தண்டு 1⅛ அங்குலம், இன்றைய ஸ்லாஷர்களுக்கு 1⅜. இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கே கிடைக்கிறது. அதை மாட்டினால் டிராக்டர் பக்கம் நீளும் என்பதால், ஸ்லாஷரை மேலும் கீழும் தூக்கிப் பார்த்து, எங்கே முட்டுகிறதோ அந்த அளவுக்கு ஸ்லாஷரின் இணைப்புத் தண்டை வெட்டிக்கொள்ளுங்கள்.