முதலில் வரி, அப்புறம் ரயில்

கேள்வி: மகன் வீட்டில் தங்க அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஓசே வந்திருக்கிறேன். இங்கே கடை பில்லில் ஏறும் விற்பனை வரியில் ஒரு பங்கு ரயிலுக்குப் போகிறதாம். மக்களே ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட வரியாம். நம்மூரிலும் இப்படிச் செய்தால் திட்டங்கள் சீக்கிரம் முடியுமே? (ஒரு வாசகர்)

பதில்: சீக்கிரமா? நீங்கள் இருக்கும் ஊரையே பாருங்கள், ஐயா. 2000 நவம்பரில் சான் ஓசே அடங்கிய சாண்டா கிளாரா கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்கள் 'மெஷர் ஏ' என்ற வரித் தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். டாலருக்கு அரை சென்ட், 30 வருடம். அரிசி பருப்புக்கு இந்த வரி கிடையாது. 100 டாலருக்கு குக்கர் வாங்கினால் 50 சென்ட். பதிலுக்கு சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஓடும் பார்ட் என்ற மெட்ரோ ரயில் மில்பிடாஸ் வழியாக சான் ஓசே நகர மையத்துக்கும், அதைத் தாண்டி சாண்டா கிளாராவுக்கும் வரும் என்றார்கள். வசூல் 2006 ஏப்ரலில் தொடங்கிவிட்டது. ரயில் 2020 ஜூனில் சான் ஓசேயின் வடக்கே உள்ள பெர்ரியெஸ்ஸா நிலையம் வரை வந்து, நகர மையத்தைத் தொடாமல் நின்றுகொண்டது. மீதமுள்ள சுரங்கப் பாதை 2037 வாக்கில் திறக்குமாம். வரியோ 2036 மார்ச்சோடு முடிகிறது. மொய் எழுதியவர்கள் கிளம்பிய பிறகு பந்தி!

செலவும் சும்மா இருக்கவில்லை. 470 கோடி டாலர் என்றிருந்த சுரங்கப் பகுதி 1,200 கோடியைத் தாண்டிவிட்டது. 2024-இல் வாஷிங்டன் சுமார் 510 கோடி தர ஒப்புக்கொண்டது. மீதிக்கு? 2016-இல் இன்னொரு அரை சென்ட். ரயிலை ஓட்டும் செலவுக்கு 2008-லேயே அரைக்கால் சென்ட் தனியாக வாங்கியாகிவிட்டது.

கலிபோர்னியாவில் உள்ளாட்சி அமைப்பே முன்வைத்து, இப்படி ஒரு காரியத்துக்கென்று போடும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இதே கவுண்டியில் 1992-இல் 54 சதவீத ஓட்டோடு வந்த வரியை 1995-இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2008 வரி தப்பியது மயிரிழையில். அதனால் வரிப் பணத்தில் செய்யும் வேலைகளுக்குப் பட்டியல் போடும்போதே எந்த ஊரையும் விட்டுவிட முடியாது. ஒருவருக்கு மேம்பாலம், ஒருவருக்கு சைக்கிள் பாதை, எல்லோருக்கும் ரோட்டுப் பள்ளம் அடைக்கக் கொஞ்சம். எது முதலில் அவசியம் என்ற கேள்விக்கு அங்கே யார் காது கொடுப்பார்கள்?

சரி, ஒன்றை மட்டும் மனதாரப் பாராட்டுவேன். எந்த வேலைக்கு இந்தப் பணம் என்று ஓட்டுக்கு முன்பே அச்சிட்டுக் கையில் கொடுக்கிறார்கள். செலவைத் தணிக்கை செய்து மக்களுக்கு அறிக்கை தர குடிமக்கள் கண்காணிப்புக் குழுவும் இருக்கிறது. ரயில் தாமதம் என்று நாம் இத்தனை துல்லியமாக வருடக் கணக்குப் பேச முடிவதே அதனால்தான். ஊருக்குத் திரும்பியதும், உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அப்படி ஒரு பட்டியல் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.