99.9% கிருமிகளைக் கொல்லும் சானிடைசர் இருக்கும்போது சோப்பு போட்டுக் கை கழுவுவது எதற்கு?

கூடவே, கிருமி உள்ளே போன எல்லாருக்கும் ஏன் நோய் வருவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குமான விடை பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

அந்த 99.9-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் 10 லட்சம் கிருமிகள் இருந்தால், 99.9% செத்த பிறகும் 1,000 மிஞ்சும். அந்த ஆயிரம் போதுமா என்பது கிருமியைப் பொறுத்தது. காலரா பாக்டீரியா வயிற்று அமிலத்தில் எளிதில் சாகும். ஆரோக்கியமானவருக்கு நோய் வர வழக்கமாகக் கோடிக்கணக்கில் உள்ளே போக வேண்டும். (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் காவல் பலவீனம்.) சீதபேதி தரும் ஷிகெல்லா அமிலத்தைத் தாங்கும்; 10 முதல் 100 வரை போனாலே போதும். வாந்தியும் பேதியும் கொண்டுவரும் நோரோவைரஸும் அதே ரகம்.

உள்ளே போனபின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கிறது. ஷிகெல்லா குடல் செல்களுக்குள் நுழைந்து புண்ணாக்குகிறது, அதனால்தான் ரத்தம் கலந்து போகிறது. காலரா செல்லுக்குள் நுழைவதே இல்லை. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. அதனால் செல்கள் குளோரைடை வெளியே தள்ள, உப்பும் தண்ணீரும் பின்னாலேயே போகின்றன. நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வரை உடலை விட்டுப் போய்விடும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வழி இன்னொன்று. சமைப்பவரின் கைப் புண்ணிலிருந்து உணவில் விழுந்து, வெளியே வைத்த உணவில் பெருகி, அங்கேயே நச்சைச் சேர்த்துவிடும். மறுபடி கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும், நச்சு சாகாது. ‘நன்றாகச் சுடவைத்துத்தானே சாப்பிட்டோம்’ என்பவர்கள் சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பது இதனால்தான்.

இப்போது சோப்புக்கு வருவோம். சானிடைசர் கிருமியை இருக்கும் இடத்திலேயே கொல்ல முயல்கிறது, எதையும் அகற்றுவதில்லை. கையில் எண்ணெயோ மண்ணோ மலமோ இருந்தால் ஆல்கஹால் கிருமியைச் சரியாகத் தொடவே முடியாது. கொரோனா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால், சோப்பு இரண்டுமே அதைக் குலைக்கும். நோரோவைரஸுக்கு அந்த உறை இல்லை. அதைச் சோப்பும் கொல்வதில்லை, ஆனால் தோலிலிருந்து கிளப்பித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. அதுவே போதும்.

கழுவும்போது உள்ளங்கை எப்படியும் சுத்தமாகிவிடும். விடுபடுவது விரல் நுனி, நகத்தடி, கட்டைவிரல், விரலிடுக்கு. உணவையும் வாயையும் தொடுவதும் அதே விரல் நுனிதான்! நுனிகளை மறு உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். கட்டைவிரலை மறு கையால் பிடித்துத் திருகுங்கள். குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். வெந்நீர் தேவையில்லை. ஈரக் கையில் கிருமி எளிதில் தொற்றும் என்பதால் சுத்தமான துணியில் துடைத்து உலர்த்துங்கள்; எல்லாரும் துடைக்கும் அழுக்குத் துண்டு வேண்டாம்.

தண்ணீர் இல்லாத இடத்துக்குச் சானிடைசர் நல்லதுதான். 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால், கை முழுக்க நனையும் அளவு, தானாக உலரும்வரை தேய்ப்பது, இந்த மூன்றும் வேண்டும். பாதியில் துடைத்துவிட்டால் பயனில்லை.

வீட்டில் யாராவது வாந்தி எடுத்தால் தரைக்குச் சானிடைசர் உதவாது. கையுறை போட்டு, முதலில் காகிதத்தால் முழுவதும் வழித்தெடுங்கள். அழுக்கு மிஞ்சினால், அடுத்து ஊற்றும் ப்ளீச்சில் உள்ள குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு 5% ப்ளீச் 20 மி.லி.யை 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆசிட் கலந்த கழிவறை கிளீனரை இதோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கரைத்ததை அன்றே பயன்படுத்திவிடுங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.