வாட்ஸ்அப் இலவசம்தானே, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நம் அரட்டையைப் படித்தா?

இல்லை, படிக்க முடியாது. 2016 ஏப்ரலில் இருந்து செய்திகளும் அழைப்புகளும் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே போகின்றன. சாவி உங்கள் போனிலும் எதிராளி போனிலும் மட்டும்தான். நடுவில் உள்ள சர்வர் கையில் இருப்பது பூட்டிய பெட்டி. ஆனால் யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்பது பெட்டியின் மேல் எழுதிய முகவரி மாதிரி. அதைப் பூட்டு மறைக்காது.

இன்னொரு ஓட்டை பேக்கப். கூகுள் டிரைவில் ஏறும் பிரதிக்கும் பூட்டுப் போடும் வசதி 2021இல் வந்தது, ஆனால் செட்டிங்ஸில் போய் நாமே அதை இயக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

 

சரி, பணம்? 2014இல் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த பேஸ்புக் அதைச் சும்மா விடுமா? சில நாடுகளில் பயனர்களிடம் வசூலித்த, ஆண்டுக்கு ஒரு டாலர் என்ற சந்தாவை 2016இல் நிறுத்தினார்கள். 2018இல் சிறு கடைகளுக்கென வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தது, அதுவும் இலவசம். அதே ஆண்டில், வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பும் பெரிய நிறுவனங்களிடம் அதற்குக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். வங்கியும் விமான நிறுவனமும் உங்களுக்கு அனுப்பும் அறிவிப்புகள் பெரும்பாலும் அந்த வழியில் வருபவைதான்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. நிறுவனத்தோடு பேசும்போது எதிராளி ஒரு ஆள் அல்ல. அங்கே பல ஊழியர்களோ, அவர்கள் அமர்த்திய வேறொரு நிறுவனமோ நீங்கள் எழுதியதைப் பார்க்கலாம். தங்கையிடம் பேசுவது போல அங்கே பேச வேண்டாம்.