மௌத் ஓர்கனில் குழைவு வரவில்லையா? றீட்டை அராவக் கொடுக்காதீர்கள்

கேள்வி: 12 துளை, ஒரு கட்டை (C சுருதி) குரோமற்றிக் மௌத் ஓர்கன், அதாவது பக்கத்துப் பொத்தானை அழுத்தி அரைச்சுரமும் எடுக்கும் வகை, ஆறு மாதமாக வாசிக்கிறேன். சுரம் சரியாக விழுகிறது. பாட்டில் நெளிவு குழைவு இல்லை. வகுப்பில் விலை கூடியது வாங்கச் சொல்கிறார்கள். திருத்துபவர் ஒருவர், றீட்டை அராவித் தந்தால் சுரம் வளையும் என்கிறார். எதைச் செய்ய?
– வாசகர், கல்முனை

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

றீட் என்பது மெல்லிய உலோக நாக்கு. நுனியை அராவினால் சுருதி ஏறும், அடியை அராவினால் இறங்கும். வளைவதற்கென்று அராவுவது ஒன்றுமில்லை. அராவிப் போன உலோகம் திரும்பாது. 48 றீட்டில் ஒன்று பிசகினாலும் அந்தச் சுரம் வருமிடமெல்லாம் காதை உறுத்தும். காசையும் கொடுத்து நல்ல ஓர்கனையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விலை கூடியது வாங்கப் போனாலும் கவனம்: ட்ரெமலோவையே (ஒரு சுரத்துக்கு இரண்டு றீட் சேர்ந்து அதிரும் வகை) குரோமற்றிக் என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் பொத்தான் இல்லையென்றால் அது நீங்கள் வாசிக்கும் வகைக் குரோமற்றிக் இல்லை.

குழைவு பொத்தான் விரலில் இருக்கிறது. பொத்தான் சுரத்தை அரைச்சுரம் ஏற்றும், இறக்காது. ஆகவே மேலிருந்து விழும் குழைவு லேசு. 3ஆம் துளையில் பஞ்சமம். பொத்தானை அழுத்தியபடி ஊதத் தொடங்கி, உடனே விடுங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, தட்டுக்கு ஒன்று. இரண்டு சுரமாகக் கேட்டால் விரல் பிந்துகிறது. சுட்டுவிரல் நுனி மட்டும் அசையட்டும். உள்ளங்கையால் தள்ளினால் ஓர்கன் உதட்டில் நகர்ந்து காற்று ஒழுகும்.

கீழிருந்து ஏறும் குழைவில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். மத்திமத்தை 2ஆம் துளையில் மூச்சை உள்ளே இழுத்து வாசித்தால் அந்தக் குழைவு வராது. அதே துளையை ஊதுங்கள்: காந்தாரம் வரும், பொத்தானை அழுத்தினால் மத்திமம். காந்தாரத்தைத் தொட்டவுடன் அழுத்திப் பிடித்தால் குழைவு தானாக வரும். மேல் சட்ஜமமும் அப்படியே: 4ஆம் துளையை இழுத்தால் நிஷாதம், இழுத்தபடியே பொத்தானை அழுத்தினால் சட்ஜமம். 4, 5 இரண்டிலும் ஊதினால் அதே சட்ஜமம்தான். ஆனால் நிஷாதத்திலிருந்து வரும்போது 4, ரிஷபத்திலிருந்து இறங்கும்போது 5. கீழிருந்து ஏறும் இந்த வசதி, பொத்தான் இல்லாமல் வரும் வேறு சுரங்களுக்கு இல்லை. எல்லாச் சுரத்துக்கும் வேண்டுமென்றால் அதே ஓர்கனில் சட்ஜமத்தை ஒன்றரைக் கட்டைக்கு (C#) மாற்றுங்கள்: பொத்தானை அழுத்தியே வைத்து வாசித்து, குழைவு வேண்டிய இடத்தில் விட்டுப் பிடியுங்கள்.

எண் தாளைப் படியெடுத்துக் கொடுத்து “4 ஊது, 4 இழு” என்று பாட்டை முடித்துவிடும் வகுப்புகளில் இதை ஒருவரும் சொல்வதில்லை. எந்தச் சட்ஜமத்தை ஏன் எடுக்கிறோம் என்று சொல்லாமல் மாதக் கட்டணம் வாங்குவது அநியாயம்.

வழுக்கி இறங்கும் வளைவுக்கு, 3ஆம் துளையில் தைவதத்தை மெதுவாக இழுத்தபடி, வாய்க்குள் ‘ஈ’யிலிருந்து ‘ஊ’வுக்குப் போவதுபோலக் கீழ்த்தாடையை இறக்குங்கள். மூச்சைக் கூட்டினால் றீட் அடைத்துப்போகும்.

இவை எல்லாவற்றுக்கும் பொத்தான் அழுத்தி விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். பிளேன்டீ குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதினால் சீனி பொத்தானோடு நகரும் உள்தகட்டில் ஒட்டிப் பொத்தான் இறுகும். ஏசி மண்டபத்தில் வாசிப்பதென்றால், குளிர்ந்த றீட்டில் மூச்சின் ஈரம் படிந்து வால்வு (றீட் தகட்டிலுள்ள மெல்லிய மூடி) ஒட்டாமலிருக்க, முன்கூட்டியே ஐந்து நிமிடம் ஓர்கனைக் கைக்குள் பொத்திச் சூடாக்குங்கள்.