சொப்ரால்: வாசிக்கச் சொல்லிக் கேட்ட ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கல்வி பற்றிய உங்கள் கட்டுரையில் பிரேசிலின் சொப்ரால் நகரத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏழை ஊர், வறண்ட ஊர், அதன் அரசுப் பள்ளிகள் நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தன என்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத, வெறும் வயிற்றோடு வரும் குழந்தைகளுக்குத்தான் பாடம் எடுத்தேன். பலர் ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படித்தார்கள். இடைவேளையில் ஒவ்வொருவராக மேசையருகே அழைத்து வாசிக்க வைப்பேன். 'பாடத்தை எப்போது முடிப்பீர்கள்?' என்ற கேள்விதான் மேலிருந்து வரும். ஓர் ஊர் முழுக்க எப்படி மாற முடியும்? தேர்வுக்குப் பழக்கிவிட்டு மதிப்பெண் காட்டியிருப்பார்களோ?

– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் சந்தேகம் நியாயமானது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கக் கூடாது. இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

சொப்ரால், பிரேசிலின் வடகிழக்கில் சியாரா மாநிலத்தின் உட்பகுதியில் இருக்கிறது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஊர். மழை பொய்ப்பது அந்த நிலத்துக்குப் பழக்கம். 1877 முதல் 1879 வரை நீடித்த பஞ்சத்தில் அந்தப் பகுதியில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அறிவியல் வரலாறு படித்தவர்கள் இந்த ஊரின் பெயரை வேறு காரணத்தால் கேள்விப்பட்டிருப்பார்கள். 1919 மே 29 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனுக்கு அருகே கடந்து வரும் விண்மீன் ஒளி ஐன்ஸ்டைன் சொன்னபடி வளைகிறதா என்று பார்க்க இங்கிலாந்து வானியலாளர்கள் படமெடுத்த இரண்டு இடங்களில் ஒன்று சொப்ரால்.

இனி பள்ளிக்கு வருவோம். 1997ல் சிட் கோமெஸ் அங்கே மேயரானார். எல்லோரும் செய்வதைத்தான் அவருடைய நிர்வாகமும் முதலில் செய்தது. கட்டடங்களைச் சீர்செய்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள், ஆசிரியர்களைத் தேர்வு வைத்து நியமித்தார்கள். செலவும் உழைப்பும் கண்ணுக்குத் தெரிந்தன. அப்புறம் 2000ஆம் ஆண்டின் இறுதியில், பிள்ளைகளுக்கு உண்மையில் வாசிக்கத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். தொடக்க வகுப்புகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். நான்கு ஆண்டுகள் உழைத்த ஒரு நிர்வாகம் தன் தோல்வியை எண்ணிக்கையாக மேசையில் வைத்துப் பார்த்தது. மறைத்திருக்கலாம். வீட்டுச் சூழலையோ பசியையோ காரணம் காட்டியிருக்கலாம். அவையெல்லாம் பொய்யும் அல்லவே! ஆனால் ஒரே ஒரு இலக்கை முன்னால் வைத்தார்கள்: ஏழு, எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தையும் வாசிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதை எப்படிச் செய்தார்கள் என்று படித்தபோது உங்கள் மேசைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, அந்த வகுப்பின் ஆசிரியர் அல்லாத ஒருவர் வெளியிலிருந்து வந்து, குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பார். சொல்லை வாசிக்கிறதா, வாக்கியத்தை வாசிக்கிறதா, ஒரு சிறு பத்தியை வாசித்துப் புரிந்துகொள்கிறதா என்று குறித்துக்கொள்வார். நீங்கள் இடைவேளையில் யாரும் கேட்காமல் செய்த வேலையை அவர்கள் நகராட்சியின் தலையாய வேலையாக ஆக்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவ்வளவு மட்டுமில்லை. கேட்டுக் குறித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதும் இருக்கிறது.

பிரேசிலின் பல ஊர்களில் தலைமையாசிரியர் பதவி என்பது உள்ளூர் அரசியல்வாதி தன் ஆளுக்குக் கொடுக்கும் பரிசாக இருந்தது. சொப்ராலிலும் அப்படித்தான். அதை நிறுத்தினார்கள். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்துத் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக்கென்று பணமும், அதைச் செலவிடும் உரிமையும் கொடுத்தார்கள். பிள்ளைகள் வாசிக்காவிட்டால் பதில் சொல்லும் பொறுப்பும் அந்தத் தலைமையாசிரியருடையது. ஒரு கவுன்சிலரின் சிபாரிசில் வந்தவர் கவுன்சிலருக்குத்தான் பதில் சொல்வார். தேர்வில் வென்று வந்தவருக்கு அந்தக் கடன் கிடையாது. இதை மாற்றுவது கட்டடம் கட்டுவதைவிடப் பல மடங்கு கடினம், ஏனென்றால் மேயர் தன் கட்சிக்காரர்களையே பகைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நல்ல ஆசிரியர்களை மேல் வகுப்புக்கு அனுப்பும் வழக்கத்துக்கு மாறாக, திறமையான ஆசிரியர்களை எழுத்தறிவிக்கும் தொடக்க வகுப்புகளில் அமர்த்தினார்கள். மாதந்தோறும் பயிற்சி நடந்தது. கல்விக் கொள்கைகளைப் பற்றிய பேருரைகளுக்கு அதில் இடமில்லை. அடுத்த மாதம் வகுப்பில் எதை, எந்த வரிசையில், எந்தப் பாடப்பொருளோடு நடத்துவது என்பதுதான் பேச்சு. மிகச் சிறிய பள்ளிகளை இணைத்து, பிள்ளைகள் வந்துபோக வண்டி ஏற்பாடு செய்தார்கள். இந்த இணைப்பு எல்லா இடத்திலும் நல்லது என்று நான் நினைக்கவில்லை. பள்ளி தூரமாகப் போனால் முதலில் நிற்பது பெரும்பாலும் பெண் குழந்தைதான்.

ஓர் ஊரின் கதை மாநிலத்தின் கதையானது 2007ல். சிட் கோமெஸ் சியாராவின் ஆளுநரானார். சொப்ராலில் கல்விப் பொறுப்பில் இருந்த இஸோல்டா செலா மாநிலக் கல்விச் செயலரானார். அதற்கு முன்பே, 2004ல், மாநிலச் சட்டமன்றம் அமைத்த ஒரு குழு 48 நகராட்சிகளில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்திருந்தது. ஒரு சிறு பத்தியை வாசித்துப் புரிந்துகொண்டவர்கள் 15 சதவீதம் மட்டுமே. ஆகவே 'உரிய வயதில் எழுத்தறிவு' என்ற திட்டம் தொடங்கியது. மாநிலத்தின் 184 நகராட்சிகளும் அதில் சேர்ந்தன.

சேர்ந்ததாகக் கையெழுத்துப் போடுவது எளிது. மேயர்களை உண்மையில் அசைத்தது பணம். விற்பனை வரியில் 25 சதவீதத்தை மாநிலம் நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அந்தப் பங்கில் கால்பகுதியை எப்படிப் பிரிப்பது என்று மாநிலமே சட்டம் போடலாம் என்று அப்போது இருந்தது. சியாரா 2007 டிசம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது: நகராட்சிகளின் பங்கை 100 புள்ளிகள் என்று வைத்தால், அந்தக் கால்பகுதியான 25 புள்ளிகளில் 18 கல்விக்கு, 5 சுகாதாரத்துக்கு, 2 சுற்றுச்சூழலுக்கு. கல்வியில் அதிக எடை இரண்டாம் வகுப்புக் குழந்தையின் வாசிப்புக்கு. எவ்வளவு உயரத்தில் இருக்கிறார்கள் என்பதோடு, போன முறையைவிட எவ்வளவு முன்னேறினார்கள் என்பதும் கணக்கில் வந்தது. பின்தங்கிய ஊருக்கும் அதனால் வாய்ப்பு இருந்தது. சாலைக்கும் விளக்குக்கும் பணம் வேண்டுமென்றால் ஏழு வயதுக் குழந்தை வாசிக்க வேண்டும் என்று ஆனதும், மேயர்கள் பள்ளிக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பணத்துக்கான போட்டி மட்டுமே இருந்தால் வென்றவர் தோற்றவரை விட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். மாநிலத்தின் சிறந்த பள்ளிகளுக்குப் பரிசுத் தொகை உண்டு, ஆனால் முழுவதும் ஒரே தடவையில் கைக்கு வராது. பின்தங்கிய ஒரு பள்ளிக்குத் துணை நின்று உதவ வேண்டும். பரிசின் மீதி அதற்குப் பிறகுதான். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. தேசிய மதிப்பீட்டில் சொப்ராலின் தொடக்கப் பள்ளிகள் 2005ல் 10க்கு 4 வாங்கியிருந்தன. 2017ல் 9.1 வாங்கி, ஐயாயிரத்துக்கும் அதிகமான நகராட்சிகளில் முதலிடத்துக்கு வந்தன. பயிற்சி கொடுத்து வாங்கிய மதிப்பெண்ணா இது? ஒரு பகுதி அப்படித்தான் இருக்கும். அந்த மதிப்பீடு போர்த்துகீஸ் மொழியையும் கணக்கையும் மட்டுமே சோதிக்கிறது. சோதிக்காத அறிவியலும் வரலாறும் ஓவியமும் ஒதுக்கப்படும் ஆபத்தை விமர்சகர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், அதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த மதிப்பீட்டில் தேர்ச்சி விகிதமும் சேர்த்துப் பெருக்கப்படுகிறது. பலவீனமான பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்திவைத்து மதிப்பெண்ணை உயர்த்த முடியாது. தவிர, சொப்ரால் மட்டும் என்றால் சந்தேகப்படலாம். சியாராவின் மற்ற சின்னஞ்சிறு ஏழை ஊர்களும் நாட்டின் முன்வரிசைக்கு வந்திருக்கின்றன, அதுவும் பணக்கார மாநிலங்களைவிட ஒரு மாணவருக்குக் குறைவாகச் செலவிட்டு. 2020ல் பிரேசில் தன் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, வரிப் பங்கைக் கல்வி முன்னேற்றத்தோடு இணைக்கும் முறையை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது.

குறைகளும் இருக்கின்றன. மேல்வகுப்புகளில் இந்த முன்னேற்றம் இதே அளவுக்குத் தெரிவதில்லை. ஏறக்குறைய ஒரே அரசியல் குழு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சியில் தொடர்ந்ததால்தான் இது சாத்தியமானது. தேர்தலுக்குத் தேர்தல் கல்விச் செயலர் மாறும் இடத்தில் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பசியோடு வந்த குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சொப்ராலின் குழந்தைகளும் அதே மாதிரி வீடுகளிலிருந்துதான் வந்தார்கள். அந்த வீடுகள் முதலில் மாறவில்லை. வகுப்பறைதான் முதலில் மாறியது. ஆகவே, டீச்சர், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த இடைவேளைகளைப் பற்றி விரிவாக எழுதி அனுப்புங்கள். ஒரு குழந்தைக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள், எதை வாசிக்கக் கொடுத்தீர்கள், எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை சரளமாக வாசிக்க எத்தனை மாதம் ஆனது, யார் கடைசிவரை தேறவில்லை, ஏன்? நினைவில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும். இங்கே வெளியிடுகிறேன். இன்று ஒன்றாம் வகுப்பு எடுக்கும் யாராவது ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

அன்புடன்